எதிர் பிளாட்பாரம்

பிப்ரவரி 3

வீட்டுக்காரம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் இரண்டு பேரும் வக்கீலாகிவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, நான் பாதியில் போனை வைக்க முடியாது.

"இந்த வீட்டுல நான் லாட்ஜுல தங்கற மாதிரிதான் இருக்கேன்" என்று அன்றைக்கு நான் சொன்னேன். "அப்ப லாட்ஜுக்கே போங்களேன்" என்று நீ சொன்னாய். இரண்டு பேருமே யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு முட்டாள். பெட்டியை எடுத்துவிட்டால் திரும்ப வைக்கத் தெரியாதவன்.

அறை, தையல் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். ஆபீசுக்கு நடந்தே போய்விடுகிறேன். லிப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் இங்கே லிப்ட் இல்லாமல் மாடி ஏறுவதைச் சொன்னால் நம் வாலு சிரிப்பாள். சொல்.

ரயிலில் போய் வந்த நேரமெல்லாம் இப்போது எனக்கே மிச்சம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. வேடிக்கையைக் கேள். கடலை நினைத்து ஏங்குவேன் என்று எதிர்பார்த்தேன். ஏங்குவது அந்த ரயிலுக்கு. நம் ஊரில் எனக்குத் தெரிந்த மனிதர்களெல்லாம் அந்த மூன்றாவது பெட்டியில்தான் இருந்தார்கள். வாய் திறந்து தூங்குகிற டாக்டர். காதில் வயரை மாட்டிக்கொண்டு யாரையோ திட்டுகிற அம்மாள். அப்புறம் குடைக்காரர். வெயில் கொளுத்தினாலும் பச்சைக் குடை கையில் இருக்கும். எனக்குப் பக்கத்து சீட்டு. பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் இறங்கும்போது எப்போதும் என் பின்னாலேயே வருவார். கூட்டம் அதிகமான நாட்களில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கணும், கூட்டம்" என்பார். ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னது அந்த இரண்டு சொற்கள்தான்.

என் சாம்பல் நிறக் கம்பளியை அனுப்பு. குளிர்கிறது.

லாட்ஜ்காரன்


பிப்ரவரி 9

வாலுவின் அப்பாவுக்கு,

கம்பளி வருகிறது. அதற்குள் பாதாம் வைத்திருக்கிறேன், அதை எலிக்கு வைக்காமல் நீங்கள் தின்னுங்கள்.

நீங்கள் போன மறுநாள் வாலு கேட்டாள்: "அப்பா ஊருக்குப் போயிருக்காரா, கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரா?"

"ரெண்டும்" என்றேன்.

"அப்ப சீக்கிரம் வரமாட்டார்" என்று சொல்லிவிட்டு ஹோம்வொர்க் எழுதப் போனாள். பத்து வயசு. உங்கள் மூக்கு, உங்கள் அழுத்தம்.

ரயிலில் இருக்கிறவர்கள்தான் ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களெல்லாம் ஏறிப் போன பிறகு இங்கே மிச்சமிருப்பது என்ன என்று சொல்கிறேன், கேளுங்கள். எட்டு மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர்கள், அதற்குப் பின்னால் ஒருவரும் உட்காராத சோபாக்கள். தோட்டக்காரர்கள் அடுத்தவர் வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். நாய்களை நடத்திக்கொண்டு போவதற்கே ஆட்கள் வருகிறார்கள். நாய்க்குச் சொந்தக்காரர் ரயிலில் இருக்கிறார். உப்புக் காற்றில் கீல்கள் துருப்பிடித்து, காற்றடித்தால் தெரு முழுக்கக் கேட் கேட்டாக முனகும். மத்தியானம் எனக்குக் கேட்கிற பேச்சுச் சத்தம் அதுதான்.

பேச்சென்று பார்த்தால் என்னிடம் தோள்வலிக்கு வருகிறவர்கள் பேசுகிறார்கள். கையைத் தூக்கச் சொன்னால் மனசையும் சேர்த்துத் தூக்கிக் காட்டுவார்கள். மேட்டுத் தெருவில் ஆடிட்டர் வீட்டு அம்மாள் வருகிறாள். போன வாரம் கையை நீவிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் இப்ப என்னப் பாக்கறதே இல்லம்மா. எதிர்ல போய் நின்னா கூட சுவத்தப் பாக்கற மாதிரி பாக்கறாரு. காரோட்டறத விட்டுட்டாரு. வாசல்ல நான் கையாட்டினா பதிலுக்கு ஆட்டறது இல்ல. யாரோ ஒருத்தி இருக்கா. அவ குடுத்த குடையோ என்னவோ, பச்சைக் குடை ஒண்ணு, வெயில்லயும் அத விடமாட்டேங்கறாரு."

உங்கள் கடிதத்தில் பச்சைக் குடை என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். உங்கள் குடைக்காரர் உயரமா? நெற்றி ஏறின வழுக்கையா? பேப்பர் படிப்பதாகச் சொன்னீர்களே, பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா?

வீட்டுக்காரம்மா


பிப்ரவரி 13

வீட்டுக்காரம்மாவுக்கு,

உயரம்தான். வழுக்கைதான். பக்கம் திருப்பியதை நான் பார்த்ததில்லை. கூச்ச சுபாவம், பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு தடவை பேப்பர் தலைகீழாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஏன் கேட்கிறாய்?


பிப்ரவரி 17

வாலுவின் அப்பாவுக்கு,

இன்னும் புரியவில்லையா? அந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்தபோது இப்படி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சும். வாசலில் நின்று கையாட்டுகிற பெண்டாட்டி அந்தத் துண்டுக்குள் வரமாட்டாள். அவர் கையிலிருப்பது குடை இல்லை, கோல். உங்கள் பின்னாலேயே வந்தது கூச்சத்தில் இல்லை. அந்த மஞ்சள் பை, வாலு அடம்பிடித்து உங்களுக்கு வாங்க வைத்ததே, அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் அவர் கண்ணுக்குப் பட்டிருக்கும்.

இப்போது அது இல்லை. முந்தாநாள் அந்த அம்மாள் சொன்னாள், அவர் நெற்றியில் கட்டோடு வந்தாராம். கேட்டால் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாராம்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் போய் அவளிடம் சொன்னால், அடுத்த வீட்டுக் கதவைக் கடப்பாரை போட்டுத் திறந்த மாதிரி. சொல்லாமல் இருந்தால், அவர் தண்டவாளத்தில் விழுகிற வரைக்கும் காத்திருக்கிற மாதிரி. நீங்கள் ஒரு நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். எனக்காக இல்லை. அந்த மனிதருக்காக.

வீட்டுக்காரம்மா


பிப்ரவரி 24

வீட்டுக்காரம்மாவுக்கு,

நீ சொன்னது சரி.

மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். நம் ஊர் ரயில் வந்து நின்றது. மூன்றாவது பெட்டிக்காரர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். தூங்குமூஞ்சி டாக்டர் நின்று, "எங்க சார், ஆளையே காணோம்?" என்றார். ஆறு வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்த பிறகு முதல் பேச்சு. 

கூட்டம் எல்லாம் கரைந்த பிறகுதான் அவர் இறங்கினார். ரயிலின் படியைக் குடையால் தட்டிப் பார்த்து, பிளாட்பாரத்தைத் தட்டிப் பார்த்து, காலை வைத்தார். சுவரை ஒட்டியே நடந்தார். நன்றாக உடுத்திய மனிதர், ஷூவெல்லாம் பளபளவென்று. அவர் அப்படிச் சுவரைத் தடவிக்கொண்டு வந்ததைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. முன்னால் போய், "வாங்க சார், போலாம்" என்றேன்.

நின்றார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினார். பை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"மஞ்சப் பையா? கொஞ்ச நாளா காணோமே. வேல மாறிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"வீடு மாறிட்டேன் சார்."

"அப்படியா" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கிக் கூட்டம் இல்ல. இருந்தாலும் மன்னிக்கணும்."

ஆபீஸ் வாசல் வரைக்கும் போனோம். ஆபீசில் சின்னவர் ஒருவருக்கு மட்டும் தெரியுமாம். எண்களை அவர் வாசிக்க, இவர் மனசாலேயே கூட்டிச் சரிபார்க்கிறாராம். வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது சார். கடலோரம் வீடு வேணும்னு அவ கேக்கல. நான் கேட்டேன். காலைல எழுந்து கடலப் பாக்கணும்னு சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஒரு பைத்தியம். வாங்கினப்புறம் இருட்டுல போய் இருட்டுல வந்தேன். ரிட்டயர் ஆகிப் பாத்துக்கலாம்னு விட்டேன். இப்ப ஜன்னல்கிட்ட நின்னா நடுவுல ஒரு தட்டு அளவுக்குத் தண்ணி தெரியுது. அவ பக்கத்துல வந்து நின்னு, 'இன்னிக்கி எவ்ளோ அழகா இருக்கு பாருங்க'ன்னு சொல்வா. 'ஆமா'ன்னு சொல்வேன்."

அவரை வாசல் படியேற்றிவிட்டு என் ஆபீசுக்கு நடந்தேன்.

அந்த அம்மாளிடம் நீ சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாதாம் தீர்ந்துவிட்டது. எலி இல்லை, நான்தான்.

லாட்ஜ்காரன்


மார்ச் 19

வாலுவின் அப்பாவுக்கு,

ஒரு மாசமாக உங்களிடமிருந்து கடிதம் குறைந்துவிட்டது. வந்த ஒன்றிலும் வாலுவின் பல் டாக்டரைப் பற்றித்தான் இருந்தது. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஆடிட்டர் வீட்டு அம்மாள் சொன்னாள்: "அவருக்கு ரயில்ல புது சிநேகிதர் ஒருத்தர் கெடைச்சிருக்கார் போல. தெனம் சாயங்காலம் ஸ்டேஷன் படி வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போறாராம். நல்ல மனுஷன்னு சொல்றார். வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்கன்னா, அவர் ஊருக்குள்ள வரமாட்டார்ங்கறார்."

அவள் தோளை நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "வலிக்குதா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

நேற்று சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். உங்களுக்கே தெரியும், ரயில் வருகிற நேரத்தில் வாசலில் கார் வரிசை நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகம், போன் வெளிச்சத்தில். நான் அந்த வரிசையில் நின்று நாளாயிற்று. நீங்கள் நடந்தே வந்துவிடுவதாகச் சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன்.

நீங்கள் அவரைப் படியில் இறக்கிவிட்டீர்கள். அவருடைய வீட்டு டிரைவர் வந்து அழைத்துப் போனார். நீங்கள் பாலம் ஏறி எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் நின்றீர்கள். நம் ஊரில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிற்கிற இடம். பேக்கரிப் பெண், வாலுவின் டீச்சர், வீடு துடைக்கிற அக்காமார்கள். இந்த ஊரைக் கட்டிக் காப்பவர்கள் ஒருவருக்கும் இந்த ஊரில் வீடில்லை. அவர்களோடு நீங்களும் நின்றீர்கள். பொட்டலத்தைப் பிரித்து ஏதோ தின்றீர்கள். இளைத்திருக்கிறீர்கள். சட்டைக் காலரைத் திருப்பித் தேய்க்க இன்னும் தெரியவில்லை.

ஹாரனுக்குக் கை போனது. அடிக்கவில்லை.

அடித்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். வந்திருப்பீர்களா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயமாக இருந்தது. ரயில் வந்து உங்களை மறைத்தது, போனபோது நீங்கள் இல்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

யாரோ ஒருவரைத் தினம் கையைப் பிடித்து இந்த ஊர் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறீர்கள். நல்ல காரியம். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு விளக்கு அந்தப் பாலத்திலிருந்து தெரியும். தெரிந்துமா திரும்பிப் போனீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள். எனக்குப் போக வேண்டும். தோள்வலி பார்த்தது போதும். விழுந்த மனிதரை எழுப்பி முதல் அடி வைக்கச் செய்கிற அந்த வேலைக்கு என் கை ஆறு வருஷமாக ஏங்குகிறது. நீங்கள் கடலுக்கு ஏங்கி என்னை இங்கே கூட்டி வந்தீர்கள். நான் எதற்கு ஏங்கினேன் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாதது என் கெட்டிக்காரத்தனம் என்று இருந்தேன்.

வீட்டுக்காரம்மா


மார்ச் 22

வீட்டுக்காரம்மாவுக்கு,

விளக்கு தெரியும். தினமும் பார்த்தேன். மாடியில் வாலுவின் அறை விளக்கு, கீழே சமையலறை விளக்கு. சமையலறையில் நீ குறுக்கே நடந்தால் ஒரு கணம் மறைந்து வரும். அதற்காகவே பாலத்தின் நடுவில் நின்றுவிடுவேன். ஒரு நாள் அதனாலேயே ரயிலை விட்டேன்.

ஏன் வரவில்லை என்றால், வெட்கம். கோபம் எப்போதோ போய்விட்டது. கோபம் இருந்தவரைக்கும் வருவது சுலபம், சண்டை போட வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது போன பிறகு எந்த முகத்தோடு கேட்டைத் திறப்பது?

ஆஸ்பத்திரிக்குப் போ. அதைப் பற்றி எழுத எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த மூன்று நாளும் லிப்ட் வரைபடங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்று மேனேஜரைக் கேட்டேன். "இத இத்தன வருஷமா ஏன் கேக்கல?" என்றார்.

நேற்று ரயிலில் குடைக்காரரிடம் சொன்னேன்: "சார், வீட்டுல சொல்லிடுங்க. அவங்க வேற என்னென்னவோ நெனச்சு உருகிட்டிருக்காங்க."

"என்ன நெனைக்கிறா?"

"இன்னொருத்தி இருக்கான்னு."

மனிதர் சிரித்த சிரிப்பில் டாக்டர் விழித்துக்கொண்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஸ்டேஷன்லேர்ந்து நீங்க திரும்பிப் போற ரயில் சத்தம் எனக்குத் தெனம் கேக்குது. கண்ணுதான் போச்சு, காது இருக்கு. உங்க வீடு இந்த ஊர்லதான்னு எனக்குத் தெரியாதா? மொதல்ல நீங்க உங்க வீட்டுக்குப் போங்க. நீங்க போன அன்னிக்கே நான் சொல்றேன்."

இப்போது என்னால் இரண்டு குடும்பம் காத்திருக்கிறது.

சனிக்கிழமை வரலாமா?


மார்ச் 25

வாலுவின் அப்பாவுக்கு,

சொந்த வீட்டுக்கு வர அனுமதி கேட்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன். "எத்தன பெட்டியோட வர்றார்?" என்று கேட்கிறாள். நீங்களே வந்து சொல்லுங்கள்.


மே 7, ரயிலிலிருந்து

வாலுவின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். பழகிவிட்டது. இதைச் சாயங்காலம் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் தூங்குகிறார், நீங்கள் சொன்னபடியே. ஆடிட்டர் பக்கத்தில். பேப்பர் இல்லை, பச்சைக் குடை இல்லை, நல்ல வெள்ளைக் கோல் ஒன்றை வெளிப்படையாகவே முழங்கால் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார். வேலையை இந்த மாதத்தோடு விடுகிறாராம். வீட்டையும் விற்க வேண்டியிருக்கலாம். "பரவால்லம்மா" என்கிறார். பரவாயில்லாமல் இல்லை என்று குரலில் தெரிகிறது.

அவர் வீட்டில் உண்மையைச் சொன்ன மறுநாள் அவருடைய சம்சாரம் என்னிடம் வந்ததைச் சொல்லவே இல்லையே. வாசல் மணியை அடித்துவிட்டு அப்படியே நின்றாள். சிரித்தாள், அழுதாள். "இன்னொருத்தி இருந்திருந்தா சண்ட போட்டுத் துரத்தியிருப்பேன். இத எப்படித் துரத்தறது?" என்றாள். அப்புறம் சொன்னாள், இப்போது ஜன்னலோரம் நிற்கும்போது அவர் "ஆமா" என்று சொல்வதில்லையாம். "சொல்லு" என்கிறாராம். இவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கிறாராம். "இத்தன வருஷம் அந்தக் கடல நான் சரியாப் பாத்ததே இல்ல. அவருக்குச் சொல்லணும்னுதான் இப்பப் பாக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இடுப்பு முறிந்த ஒரு பஸ் டிரைவரை எழுப்பி நிற்க வைக்கிறேன். இன்றைக்கு நடப்பார் என்று நினைக்கிறேன்.

ரயில் இப்போது ஆற்றைத் தாண்டுகிறது. கடல் முடிந்துவிட்டது. இந்த இடம் வந்தால் நீங்களும் திரும்பிப் பார்ப்பீர்களா? நான் பார்க்கிறேன். நான் ஆசைப்பட்ட வேலைக்குத்தான் போகிறேன், இருந்தும்.

வீட்டுக்காரம்மா


மே 7, மத்தியானம்

உனக்கு,

வாலு கோடை விடுமுறை வகுப்பில். வரைபடங்களை முடித்துவிட்டேன். இந்த ஊரின் மத்தியானத்தை நான் வேலை நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். காலையில் வெள்ளையாக இருந்த தண்ணீர், மேகம் விலகியதும் பச்சையாகி, அதற்கப்பால் ஒரு பட்டை கறுநீலம் ஓடியது. ஒரு படகு வந்து அந்தப் பட்டைக்குள் நுழைந்து, வெகுதூரம் போய், காணாமல் போயிற்று. இவ்வளவும் ஒரு கால்மணி நேரத்தில். "ஏய், இங்க வா, பாரு" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன்.

வீட்டில் ஒருவரும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. தெருவில் ஏதோ ஒரு கேட் காற்றில் முனகியது.

ஆறு வருஷம், வாரத்தில் ஐந்து நாள், நீ இந்த ஜன்னலிலிருந்து யாரைக் கூப்பிட்டாய்?

நான் எதற்காக இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டேனோ அது முழுக்க என் கண்ணெதிரே இருக்கிறது. நீ அங்கே, சொன்னாயே, அந்த பஸ் டிரைவரை நடக்கவைத்துக்கொண்டிருக்கிறாய். சாயங்காலம் வருவதற்குள் இந்தத் தண்ணீர் வேறு நிறமாகிவிடும். நாம் மூன்று பேரும் சேர்ந்து இதைப் பார்க்க இன்னும் சனி, ஞாயிறுதான் மிச்சம். அதில் ஒன்றும் மாறவில்லை.

அதனால், பார்த்ததை எழுதி வைக்கிறேன். நீ வந்ததும் சொல்கிறேன். நீ அந்த டிரைவர் வைத்த முதல் அடியைச் சொல்.

கார் வேண்டாம். உன்னை அழைக்க வாலுவும் நானும் ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறோம்.